இலட்சத்தீவுக்குக் கடல்வழி: அஞ்சுவோருக்குச் சில சொற்கள்



கடற்கரையில் பிறந்து, உப்புக் காற்றில் வளர்ந்து, மீனும் சோறும் உண்டு வாழும் நம்மவருள் பலருக்குக் கடற்பயணம் என்றதும் உள்ளம் நடுங்குகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களின் முன்னோர் மரக்கலம் ஏறி இலங்கைக்கும் மலாயாவுக்கும் வணிகம் செய்யப் போனவர்கள். பின்னர் வந்த தலைமுறையினர், 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்றுவந்த ஹஜ்ஜுக் கப்பல்களும் 1995-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. அதன்பின் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கப்பல் என்பது படத்தில் காணும் பொருளாகிவிட்டது. பழக்கம் விட்டுப்போன இடத்தில் அச்சம் வந்து அமர்ந்துகொள்கிறது.

“கடல் கொந்தளித்தால் என்ன செய்வது? வாந்தி வந்தால் தாங்குவேனா? வயதானவரை அழைத்துச் செல்லலாமா? தொழுகை என்னாவது?” இவை இலட்சத்தீவுக்குச் செல்ல விரும்புவோர் என்னிடம் கேட்கும் கேள்விகள். குடும்பத்தோடு அவ்வழி சென்றுவந்தவன் என்ற முறையிலும், கிதாபு ஓதிக்கொடுப்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

தீவுகளும் தொலைவும்

கேரளக் கரைக்கு மேற்கே, அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகளே இலட்சத்தீவுகள். முப்பத்தாறு தீவுகள் எனக் கணக்கிட்டாலும் மக்கள் குடியிருப்பவை பத்தே. எல்லாம் சேர்ந்தும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். குடிமக்கள் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். பெரும்பாலான தீவுகளில் மலையாளத்தின் ஒரு கிளைமொழி வழங்குகிறது. தெற்கே தனித்து நிற்கும் மினிக்காயில் மட்டும் மாலத்தீவு மக்கள் பேசும் திவேஹி மொழியே மஹல் என்னும் பெயரில் வழங்குகிறது.

கொச்சியிலிருந்து கல்பேனி 287 கிலோமீட்டர், மினிக்காய் 398, தலைநகரான கவரத்தி 404. கப்பல் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரத்தில் சென்று சேர்கிறது. பிற்பகலில் ஏறினால் மறுநாள் காலையில் தீவு தெரியும். தீவுகளுக்குச் செல்ல நிருவாகத்தின் நுழைவு அனுமதி வேண்டும். அதனை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

நாங்கள் சென்றது ஐந்து நாள் பயணம். இரவெல்லாம் கப்பல் ஓடும். பகலில் ஒரு தீவில் இறங்கிப் பார்த்து, மாலையில் மீண்டும் கப்பலேறுவோம். ஆகவே கடலோடு எங்களுக்கு ஏற்பட்ட உறவு ஓரிரவு உறவன்று.

கடல் எப்போது அமைதி கொள்ளும்?

அச்சத்திற்கு முதல் மருந்து காலம் அறிதல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அரபிக் கடல் பொங்கி நிற்கும்; அலைகள் மூன்று மீட்டர் உயரத்தைத் தாண்டுவது அப்போது வழக்கம். அக்காலத்தில் தீவுகளுக்குப் பொழுதுபோக்குப் பயணம் எண்ணற்க. திசம்பர் முதல் மார்ச்சு வரை இக்கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். நாங்கள் சென்றது சனவரித் திங்களின் இறுதியில்.

ஆயினும் நல்ல பருவத்திலும் விதிவிலக்குண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயல் குமரிக் கடலில் நம் மீனவர் பலரைப் பலிகொண்டு, பின்னர் இத்தீவுகளையும் தாக்கியதை நாம் மறக்கவில்லை. இன்னொன்று கேரளத்தார் ‘கள்ளக்கடல்’ என்று அழைக்கும் நிகழ்வு. உள்ளூரில் காற்றே இல்லாதிருக்க, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய சூறைக்காற்று எழுப்பிய அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து, திருடன் போல் கரையேறுகின்றன. கோடைத் தொடக்கத்தில் இது மிகுதி. இச்சொல்லை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது.

ஆகவே புறப்படுமுன் வானிலைத் துறையின் அறிவிப்பையும், ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். அதில் ‘அலை உயரம்’ என ஒரே எண் தரப்பட்டிருக்கும். எழும் அலைகளுள் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரியே அது. தனி அலையொன்று அதைப் போல் இருமடங்கும் எழக்கூடும். காற்றின் வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் என்றால் அலைமுகடுகளில் ஆங்காங்கே வெண்ணுரை தோன்றும்; கப்பல் இலேசாக அசையும். 40 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரிய அலைகள் எழும், பழகாதவர் படுத்துவிடுவர். 62-ஐ எட்டினால் அது கடுங்காற்று. அத்தகைய அறிவிப்பு இருக்கும்போது பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. கட்டிய பணத்தை எண்ணிப் பிடிவாதம் வேண்டா.

குமட்டல் ஏன் வருகிறது?

நம் காதின் உட்புறத்தில், உடலின் அசைவையும் சாய்வையும் உணரும் நுண்ணிய வளையங்களை வல்ல இறைவன் அமைத்திருக்கிறான். கப்பலின் அறைக்குள் நீங்கள் அமர்ந்திருக்கும்போது, சுவரும் கட்டிலும் அசையாதிருப்பதாகக் கண் சொல்கிறது. உடல் ஏறி இறங்குவதாகக் காது சொல்கிறது. இருவர் சாட்சியும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. கொட்டாவி, வெளிர்ந்த முகம், குளிர்ந்த வேர்வை, வாயில் நீர் ஊறுதல், பின் குமட்டல் என வரிசையாக வரும். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் அசைவே மனிதரை மிகுதியாக வாட்டுகிறது. கப்பலின் அசைவு பெரும்பாலும் அத்தகையதே.

இது கோழைத்தனமன்று, நோயுமன்று. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் வாழ்நாள் முழுதும் கடல் மயக்கத்தால் அவதிப்பட்டவர். 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினை இறுதிவரை இத்துன்பம் விடவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இது அரிதாகவே தீண்டுகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுள்ளோரை மிகுதியாக வாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், கருவுற்றோருக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கும் வாய்ப்பு அதிகம். முதுமையில் இத்தொல்லை குறைகிறது. பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாள்களில் உடல் பழகிவிடும்.

உம்மாவின் தயக்கம்

என் உம்மாவுக்கு வயது அறுபத்தேழு. அவர்களுடைய பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணியொன்றின் தண்டல். ஒரு பயணத்தில் தோணியும் திரும்பவில்லை; அவரும் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் கப்ரும் இல்லை. அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் ஆண் மக்கள் எவரும் கடல் தொழிலுக்கு அனுப்பப்படவில்லை. கடற்கரைத் தெருவில் வீடிருந்தும் கடலைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழாது.

இலட்சத்தீவுப் பயணம் பற்றிச் சொன்னபோது உம்மா, “வாப்பா, கடல் நம்ம குடும்பத்துக்கு ஆகாது. நீங்க போயிட்டு வாங்க. நான் கரையில இருந்து துஆ செய்றேன்” என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. அச்சமுற்றவரைக் கேலி செய்தோ கட்டாயப்படுத்தியோ கப்பலேற்றுவது தகாது என்பது என் கருத்து. குடும்ப மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் சென்றேன். இரத்த அழுத்தத்திற்கு அவர்கள் உண்ணும் மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, தடையில்லை என்றார் மருத்துவர்.

அவ்வாரம் மத்ரஸாவில் பெண் பிள்ளைகளுக்கு உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாற்றை நடத்தினேன். வீட்டிலும் அதனைச் சொன்னேன். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தாயார் அவர். பெருமானார் (ஸல்) அவர்கள் அவருடைய இல்லத்தில் கண்ணயர்ந்து, புன்னகையோடு விழித்து, தம் சமுதாயத்தார் அரியணையில் அமர்ந்த மன்னரைப் போல் கடலில் செல்வதைக் கனவில் கண்டதாகக் கூறினார்கள். தம்மையும் அக்கூட்டத்தில் சேர்க்க இறைஞ்சுமாறு அவ்வம்மையார் கேட்டுக்கொண்டார். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் கடற்படை அனுப்ப இசைவு கிடைக்கவில்லை. உதுமான் (ரலி) அவர்கள் காலத்திலேயே, ஹிஜ்ரி 28-ஆம் ஆண்டையொட்டி, சைப்ரஸ் தீவுக்குக் கப்பல்கள் சென்றன. கணவர் உபாதா (ரலி) அவர்களோடு உம்மு ஹராமும் சென்றார். கடலில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. கரை இறங்கியபின் வாகனத்திலிருந்து விழுந்து அங்கேயே மறைந்தார். லார்னகா நகரின் உப்பேரியருகே அவருடைய அடக்கவிடம் இன்றும் இருக்கிறது.

கடலில் மயங்கி வாந்தியெடுப்பவருக்கு உயிர்த் தியாகிக்குரிய நற்கூலி உண்டென்னும் கருத்தில் அவர் அறிவித்த நபிமொழி அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ளது. மார்க்கக் கடமைக்காகவும் வாழ்வாதாரத்துக்காகவும் செல்வோர் குறித்தே அறிஞர்கள் இதற்கு விளக்கமளிக்கின்றனர். உல்லாசப் பயணிகளாகிய நாம் அதனை எளிதில் நமக்கு உரிமையாக்கிக்கொள்ளல் ஆகாது. எனினும், கடலில் ஒருவர் படும் அவதி இறைவனிடம் கவனிக்கப்படாமல் போவதில்லை என்னும் ஆறுதல் அதிலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து உம்மாவே பேச்செடுத்தார்கள். “உம்மு ஹராம் நாயகி கேட்டுப் போனாங்க. நான் கூப்பிட்டும் வராம இருக்கேன். எனக்கும் சேர்த்து எழுது, வாப்பா.”

கப்பலில் முதல் இரவு

கொச்சி வெலிங்டன் தீவிலிருந்து கப்பல் நகர்ந்தபோது உம்மா முகமலர்ச்சியோடுதான் இருந்தார்கள். சீன வலைகள் பின்னே செல்ல, முகத்துவாரத்தைத் தாண்டும்வரை நீர் குளம்போல் கிடந்தது. பின்னர் ஆழ்கடலின் ஏற்ற இறக்கம் தொடங்கியது. காற்று கடுமையாக இல்லை. ஆயினும் மக்ரிபுக்குப்பின் என் இளைய மகன் இருமுறை வாந்தியெடுத்தான். சற்றுப் பொறுத்து உம்மாவும். முதியோருக்கு இத்தொல்லை குறைவு என்பது பொது விதிதான். ஒவ்வொருவர் உடலும் வேறு.

கல்பேனிக்குத் திரும்பிக்கொண்டிருந்த தீவுப் பெண்மணி ஒருவர், அழைக்காமலே வந்து உம்மாவின் அருகில் அமர்ந்தார். கொச்சி மருத்துவமனைக்குச் சென்று வருபவர். தலையணையைத் தாழ்த்தி மல்லாந்து படுக்கச் செய்து, கண்ணை மூடித் தலையை அசைக்காதிருக்கச் சொன்னார். சிறிது சிறிதாக நீர் பருகக் கொடுத்தார். பிள்ளைப்பேறானாலும் பெருநோயானாலும் பெருமருத்துவமனைக்கு இக்கடலைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது என்று அவர் மலையாளத்தில் சொன்னதை என் மனைவி உம்மாவுக்கு விளக்கினாள். நமக்கு ஐந்து நாள் உல்லாசமாக இருப்பது அவர்களுக்கு வாழ்நாள் வழக்கம். அதைக் கேட்டபின் உம்மா முறையிடவில்லை. தஸ்பீஹ் ஓதியபடியே உறங்கிப்போனார்கள்.

அவ்விரவில் கற்றவற்றையும் மருத்துவர் சொன்னவற்றையும் உங்களுக்குத் தொகுத்துத் தருகிறேன். படுக்கை பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. முன்முனையாகிய அணியத்தில் அது மிகுதி. புறப்படுமுன் பட்டினியும் வேண்டா, நெய்ச்சோறும் வேண்டா. இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவு போதும். குமட்டல் தோன்றிய உடனே மேல்தளத்துக்குச் சென்று, தொடுவானத்தை உற்று நோக்குங்கள். கண்ணும் காதும் அப்போது ஒத்துப்போகும். படிப்பதும் கைப்பேசியைப் பார்ப்பதும் தீங்கு. இஞ்சி சிலருக்குக் குணம் தருகிறது.

அவோமின், சின்னரிசின் போன்ற மாத்திரைகளைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பயன் குறைவு. கப்பலேறுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். இவை உறக்கம் தரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், கண்நீர் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளோர், வேறு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. மருந்துண்பது இறைநம்பிக்கைக்குக் குறைவன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா?

தொழுகை

கப்பலில் இயன்றவரை நின்றே தொழ வேண்டும். தலைசுற்றி விழும் அச்சமிருந்தால் கடமையான தொழுகையையும் அமர்ந்து தொழலாம். கப்பல் திசை திரும்பினால், அறிந்த அளவில் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்க. தொலைவு பயணத் தொலைவைத் தாண்டுவதால் கஸ்ருக்கு இடமுண்டு. சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி அசுத்தம், உடையில் பட்டால் கழுவ வேண்டும். ஷாஃபிஈ முறைப்படி அதனால் ஒளு முறிவதில்லை. வாய் நிறைய வந்தால் ஹனஃபீ முறைப்படி முறியும். மாற்றுடை ஒன்றைக் கையருகே வைத்திருங்கள்.

கரை இறங்குதல்

உண்மையில் உள்ளம் அதிர்ந்தது இரவிலன்று, காலையில்தான். பவளத்திட்டால் சூழப்பட்ட காயல் ஆழமற்றது. ஆதலால் கப்பல் வெளியே நிற்க, அதன் பக்கவாயிலிலிருந்து சிறு படகுக்கு மாற வேண்டும். படகு அலையோடு ஏறும்; இறங்கும். அது உயர்ந்து வரும் கணத்தில் காலெடுத்து வைக்க வேண்டும். இருபுறமும் மாலுமிகள் கைகளைப் பற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லும்வரை பொறுத்து, சொன்னவுடன் தயங்காது அடியெடுப்பதே இதற்குரிய ஒழுங்கு. கை இரண்டும் வெறுமையாக இருக்கட்டும். பெண்கள் முந்தானையையும் புர்காவின் கீழ்ப்புறத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். உம்மா பிஸ்மி சொல்லிக் காலெடுத்து வைத்தார்கள். படகிலிருந்த இளைஞர் “உம்மா, இரிக்கூ” என்று இடம் கொடுத்தார்.

அதன்பின் கண்ட காயலின் நிறத்தை எந்த மையால் எழுதுவேன்! கல்பேனியின் கிழக்குக் கரையில் பவளக் கற்கள் கோட்டை மதில்போல் குவிந்து கிடக்கின்றன. 1847-ஆம் ஆண்டின் பெரும்புயல் வாரியிறைத்தவை அவை என்கின்றனர். அப்புயலின் சுவட்டின்மீது இன்று தென்னை நிற்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

இரண்டாம் இரவு கப்பல் ஒன்பது பாகைக் கால்வாயைக் கடந்தது. இந்த அகன்ற நீர்ப்பரப்பே மினிக்காயை ஏனைய தீவுகளிலிருந்து பிரிக்கிறது. அங்கே அலை சற்றுப் பெரிது. ஆனால் எங்கள் உடல் பழகத் தொடங்கியிருந்தது. மினிக்காயில் 1885-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தையும், சூரை மீனை அவித்துப் புகையூட்டி ‘மாசி’யாக்கும் தொழிலையும் கண்டோம். நம் இல்லங்களில் சம்பலுக்கு இடிக்கும் மாசி அதுவே! கவரத்தியில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த உஜ்ரா பள்ளிவாசலில் தொழுதோம். கடலில் மிதந்து வந்த மரத்தைக் கொண்டு செதுக்கியதாகச் சொல்லப்படும் அதன் மேற்கூரையின் வேலைப்பாடு நெஞ்சை விட்டு அகலாதது. ஊர் திரும்பியபின் ஓரிரு நாள் தரை அசைவது போலத் தோன்றியது. அதுவும் இயல்பே, தானாக நீங்கிவிடும்.

நிறைவாக

பதினான்காம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுத் துறையில் சீனப் பேரரசருக்குரிய பரிசுகளோடு நின்ற மரக்கலம் புயலில் உடைந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கிய இப்னு பதூதா உயிர் பிழைத்தார். அவர் அதோடு கடலை வெறுத்து ஒதுங்கவில்லை. மாலத்தீவு சென்றார், இலங்கை சென்றார், நம் தமிழகக் கரையருகே மீண்டும் கலம் சிதையக் கண்டும் மதுரை வந்து சேர்ந்தார்.

அன்பர்களே, அச்சம் ஈமானின் குறையன்று. காலம் பார்த்து, மருத்துவரைக் கேட்டு, ஆயத்தத்தோடு செல்லுங்கள். கடல் சீறும் நாளில் செல்லாதிருங்கள். உடல்நிலை ஒவ்வாதவரை வற்புறுத்தாதீர்கள். வர விரும்பும் முதியவரை வயது காட்டித் தடுக்கவும் செய்யாதீர்கள். நடுக்கடலில் அலை சூழும்போது கலப்பின்றி இறைவனை அழைத்து, கரையேறியதும் அவனை மறந்துவிடுவோரைத் திருமறையின் யூனுஸ் அத்தியாயம் எச்சரிக்கிறது. கப்பலில் நம் நாவு ஓதியதைக் கரையிலும் ஓதுவோமாக. கடல்வழி செல்வோர் அனைவரையும், மீன்பிடிக்கச் செல்லும் நம் சகோதரர்களையும், வல்ல நாயன் நலமாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.